தொண்டையில் கரண்ட் வைத்து முடிந்த பிறகு: வருடக்கணக்கில் கூடவே வரும் தொல்லைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டான்சில், அடிநாக்கு, குரல்வளை, அதற்குக் கீழே உள்ள தொண்டைப் பகுதி ஆகியவற்றில் வந்த புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு (பேச்சுவழக்கில் கரண்ட்) எடுத்து முடித்தவர்களுக்கும், வீட்டில் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இது. பெரும்பாலும் 66 முதல் 70 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) அளவு, 33 முதல் 35 நாள், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்திருப்பார்கள். சிலருக்கு அதோடு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசியும் போயிருக்கும். முதல் மூன்று மாதப் புண், எரிச்சல் பற்றி ஆஸ்பத்திரியிலேயே நிறையச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கப்புறம் வருவதைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

கரண்ட் முடிந்து ஒரு வருடம் ஆகிறது. உடம்பில் இன்னும் கதிர் இருக்குமா? பேரக்குழந்தையைத் தூக்கலாமா?

தாராளமாகத் தூக்கலாம். வெளியிலிருந்து மெஷினில் வைக்கும் கதிர், மெஷின் நின்ற நொடியே நின்றுவிடும். உடம்பில் எதுவும் தங்காது, யாருக்கும் தொற்றாது. தங்குவது அது ஏற்படுத்திய காயம். அந்த இடத்துச் சின்ன ரத்தக் குழாய்கள் மெல்லச் சுருங்கும், மென்மையான சதை தழும்பாக இறுகும். இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கும். சிகிச்சை முடித்தபோது நன்றாக இருந்தவருக்கு ஐந்தாம் வருடம் தொல்லை வருவது இதனால்தான்.

சிலருக்கு முடிந்து இரண்டு, மூன்று மாதத்தில், தலையைக் குனிந்தால் முதுகுத் தண்டில் கரண்ட் பாய்வது போல ஓர் அதிர்வு ஓடும். "வைத்த கரண்ட் உள்ளேயே நின்றுவிட்டது" என்று பயப்படுவார்கள். தண்டுவட நரம்பின் மேலுறை தற்காலிகமாக மெலிந்ததன் அடையாளம் அது, சில மாதத்தில் தானாகவே போய்விடும். கை கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வாய் வறட்சி எப்போது சரியாகும்?

காதுக்கு முன்னால் இருக்கும் பரோடிட் சுரப்பி எவ்வளவு கதிர் வாங்கியது என்பதைப் பொறுத்தது. சராசரியாக 26 கிரேக்குக் கீழே வாங்கியிருந்தால் ஒன்று, இரண்டு வருடத்தில் ஓரளவு எச்சில் திரும்பும். ஐஎம்ஆர்டி எனப்படும், கதிரின் அளவை இடத்துக்கு இடம் மாற்றி வைக்கும் முறையில் அந்தச் சுரப்பியை ஒதுக்கி வைத்துத் திட்டமிட முடியும். கோபால்ட் மெஷினில் இரண்டு பக்கமிருந்தும் நேராக வைத்தவர்களுக்கு இரண்டு சுரப்பியுமே முழு அளவையும் வாங்கியிருக்கும், அவர்களுக்கு வறட்சி பெரும்பாலும் நிரந்தரம். இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருப்பதில் பெரிய பயன் இல்லை. வறண்ட வாயோடு வாழப் பழகுவதில் கவனத்தை வைப்பது நல்லது.

பைலோகார்பின் 5 மில்லிகிராம் மாத்திரை, தினம் மூன்று வேளை, சிலருக்கு உதவும். சுரப்பியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால்தான் வேலை செய்யும். மூன்று மாதம் போட்டும் வித்தியாசம் இல்லை என்றால் நிறுத்திவிடலாம். வியர்த்துக் கொட்டும், அடிக்கடி சிறுநீர் வரும். கட்டுப்படாத ஆஸ்துமா, குறுகிய கோண வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தொடக்கூடாது. தூக்க மாத்திரை, சளி மாத்திரை, மன அழுத்த மாத்திரை சிலவும் வாயை மேலும் உலர்த்தும். வறட்சி திடீரென்று கூடினால் முதலில் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

வாய் கொப்பளிக்க ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா போதும். தினமும் புதிதாகக் கலக்குங்கள், சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் கொப்பளியுங்கள். கடையில் விற்கும், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். எரியும், இன்னும் உலர்த்தும். நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தாலும், சிவந்து எரிந்தாலும் காளான் தொற்றாக இருக்கலாம். வறண்ட வாயில் அது திரும்பத் திரும்ப வரும், மருந்து போட்டால் அடங்கும்.

ராத்திரி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. நல்லெண்ணெய் அல்லது நெய் வைத்துக்கொள்ளலாமா?

உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் விரலால் லேசாகத் தடவிக்கொள்ளலாம். வாய் நிறைய எண்ணெய் வைத்துக் கொப்பளிப்பது, படுக்கும் முன் நாக்கில் ஒரு ஸ்பூன் விடுவது இரண்டும் வேண்டாம். இந்தத் தொண்டை எண்ணெயைச் சத்தமில்லாமல் நுரையீரலுக்கு விட்டுவிடும். அங்கே போன எண்ணெய் எளிதில் வெளியே வராது, நாள்பட்ட நிமோனியாவாக மாறும்.

தலைமாட்டில் ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சுற்றும் ஃபேன் நேராக முகத்தில் அடிக்காதபடி கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். மூக்கடைப்பு இருந்தால் அதற்கு முதலில் வைத்தியம் பாருங்கள். வாயால் மூச்சு விடுகிறவருக்கு எந்த ஜெல்லும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

பல்லெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, தனியாக என்ன கவனிப்பு?

எச்சில் இருந்தவரை அதுதான் பல்லைக் கழுவிக் காவல் காத்தது. இப்போது அது இல்லை. அதனால் சொத்தை வழக்கமான இடத்தில் வராமல் பல்லின் கழுத்தில், ஈறு ஓரமாக, வளையம் போலச் சுற்றி வரும். ஆறே மாதத்தில் முன்பல் அடியோடு ஒடிந்து விழுவது அபூர்வமில்லை.

இதில் பெரிய குற்றவாளி, வாய் உலர்ந்தால் நாள் முழுக்க உறிஞ்சும் இனிப்பு பானம். ஹார்லிக்ஸ், சர்க்கரை போட்ட சத்துமாவுக் கஞ்சி, குளுக்கோஸ் தண்ணீர், எலுமிச்சை ஜூஸ் எதுவானாலும் சாப்பாட்டு வேளையில் ஒரே மூச்சில் குடித்து முடித்து, வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். இடையிடையே உறிஞ்ச வெறும் தண்ணீர் மட்டும். எடை கூட வேண்டும் என்று டயட்டீஷியன் சொன்ன கஞ்சியைக் கைவிட வேண்டாம், குடிக்கும் விதத்தை மாற்றினால் போதும்.

ஃப்ளூரைடு தினமும், ஆயுள் முழுக்க. பல் டாக்டர் உங்கள் பல் வரிசைக்கு அச்செடுத்து மெல்லிய தட்டு செய்து தருவார். ராத்திரி பல் தேய்த்த பிறகு 1.1 சதவீத நியூட்ரல் சோடியம் ஃப்ளூரைடு ஜெல்லை அதில் ஒரு கோடாகப் போட்டு, பல்லில் மாட்டி 5 முதல் 10 நிமிடம் வைத்து, துப்பிவிடுங்கள். அதன்பிறகு அரை மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம். தட்டு இல்லாதவர்கள் அதே ஜெல்லைப் பிரஷ்ஷில் தேய்க்கலாம். சாதாரண பேஸ்ட்டில் உள்ள சுமார் 1000 பிபிஎம் ஃப்ளூரைடு இந்த வாய்க்குப் போதாது.

ஒரு கடைவாய்ப் பல் வலிக்கிறது. பக்கத்துக் கிளினிக்கில் பிடுங்கிக்கொள்ளலாமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான்: நேராகப் போய்ப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். 50, 60 கிரே வாங்கிய தாடை எலும்பில், அதிலும் கீழ்த்தாடைக் கடைவாயில், பல் பிடுங்கிய குழி ஆறாமல் போகலாம். எலும்பு வெளியே தெரிந்து, அழுகி, ஒருநாள் தாடை முறியலாம். இதற்கு ஆஸ்டியோரேடியோநெக்ரோசிஸ் என்று பெயர். இந்த அபாயம் வருடம் ஆக ஆகக் குறையும் என்று நினைப்பது தவறு. பதினைந்து வருடம் கழித்துப் பிடுங்கியவருக்கும் வரும்.

வழி இருக்கிறது. ஈறுக்கு மேலே தெரியும் கிரீடப் பகுதி போனாலும் வேரை விட்டுவைத்து ரூட் கெனால் செய்யலாம். பிடுங்கியே தீர வேண்டும் என்றால், அந்த இடத்துத் தாடை எத்தனை கிரே வாங்கியது என்று கதிர்வீச்சுத் துறையில் கேட்டுக்கொண்டு, அனுபவமுள்ள வாய், முக அறுவை டாக்டர் செய்ய வேண்டும். சில மருத்துவமனைகளில் பென்டாக்சிஃபிலின், வைட்டமின் ஈ மாத்திரைகளை முன்னும் பின்னும் தருகிறார்கள். அழுத்த ஆக்சிஜன் அறையில் உட்காரவைக்கும் சிகிச்சையை முன்பு பெரிதாக நம்பினார்கள். பிரிட்டனில் நடந்து 2019-ல் வெளியான ஹோப்பான் ஆய்வில், பல் பிடுங்குவதற்கு முன் அதைக் கொடுத்ததால் எலும்பு அழுகல் குறையவில்லை. அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

வாய்க்குள் நகம் போலக் கூராக ஏதோ நாக்கில் தட்டுப்பட்டாலும், தாடைக்கு வெளியே சீழ் வந்தாலும், கீழுதடு மரத்தாலும் அதே வாரம் காட்டுங்கள்.

வாய் முன்பு போலத் திறக்கவில்லை. இட்லியைக் கிள்ளித்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

உங்களுடைய மூன்று விரலைக் குத்தாக அடுக்கி முன்பல்லுக்கு நடுவே வையுங்கள். போனால் சரி. இரண்டுதான் போகிறது என்றால் இன்றே பயிற்சியைத் தொடங்க வேண்டும். 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வாய் இறுக்கம் என்று கணக்கு. இறுகி வருடம் ஆகிவிட்டால் பழைய அளவை மீட்பது கஷ்டம், மேலும் இறுகாமல் தடுப்பதே வெற்றி.

இதற்கென்று விற்கும் கருவிகள் விலை அதிகம். ஐஸ் குச்சி போன்ற தட்டையான மரக்குச்சிகள் போதும். புதியவற்றைக் கழுவி எடுத்து, முன்பல்லுக்கு நடுவே இறுக்கமாகப் போகும்வரை அடுக்குங்கள். பிறகு அடுக்கின் நடுவில் இன்னும் ஒரு குச்சியைச் செருகுங்கள். இழுப்பது தெரிய வேண்டும், கண்ணீர் வரும் அளவு வலிக்கக் கூடாது. 30 நொடி வைத்து, எடுத்து, ஓய்வு கொடுத்து மறுபடி. ஒரு வேளைக்கு ஐந்து முறை, தினம் ஐந்து வேளை. எத்தனை குச்சி என்று காலண்டரில் குறித்து வையுங்கள். ஞாயிறு விடுமுறை கிடையாது. பல் ஆடுகிறவர்களும், தாடை எலும்பில் பிரச்சினை உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. வாய் திடீரென்று, அதுவும் வலியோடு இறுகினால் நோய் திரும்பியதா என்று பார்க்க வேண்டும்.

சாப்பிடும்போது இருமலே வருவதில்லை. அப்படியென்றால் விழுங்குவது சரியாகத்தானே இருக்கிறது?

அப்படிச் சொல்ல முடியாது. கதிர் தொண்டையின் உணர்ச்சியையும் மழுங்கடிக்கும். மூச்சுக்குழாய்க்குள் தண்ணீர் போவதே தெரியாது, புரையேறாது, இருமல் வராது. சாப்பிட்ட பின் குரல் ஈரமாக, கொழகொழவென்று கேட்பது, சாயங்காலமானால் லேசான காய்ச்சல், அடிக்கடி நெஞ்சுச் சளி, காரணமில்லாமல் இறங்கும் எடை எல்லாம் அதன் அடையாளங்கள். இரண்டு முறை நிமோனியா வந்தவர் கண்டிப்பாக விழுங்கல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரேயில் வீடியோ எடுப்பது ஒரு வகை. மூக்கு வழியே மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பது இன்னொரு வகை.

அப்படியானால் எதைச் சாப்பிடலாம்? ரசம் சாதம் லேசானதுதானே?

வயிற்றுக்கு லேசு, இந்தத் தொண்டைக்குக் கடினம். ஒரு வாய் ரசம் சாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாக்கு இன்னும் பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் மட்டும் தனியே வழிந்து தொண்டைக்கு ஓடிவிடும். மூச்சுக்குழாய் மூடுவதற்கு முன்பே அது அங்கே நிற்கும். கெட்டியும் நீருமாகக் கலந்த உணவு எல்லாவற்றிலும் இதே சங்கடம்: பாலில் ஊறிய பிஸ்கட், நீர்விட்ட பழைய சாதம், சாறு ஒழுகும் தர்பூசணி.

குழைய வேகவைத்து மசித்து, ஒரே பதமாக ஆக்கிய தயிர் சாதம் பாதுகாப்பு. கேழ்வரகுக் கூழ், சாம்பாரில் ஊறவைத்துத் தனி நீர் தெரியாமல் பிசைந்த இட்லி, தேங்காய்ப் பாலில் ஊறி மெத்தென்றான இடியாப்பம் எல்லாம் போகும். புட்டு, உப்புமா, பொரி போன்றவை உதிர்ந்து வாயெல்லாம் சிதறும், எச்சில் இல்லாத வாயில் அவை உருண்டையாகச் சேராது. பரோட்டா, மட்டன், தோசையின் முறுகலான ஓரம் எல்லாம் குழம்பில் ஊறினாலும் சந்தேகம்தான். மிளகாய்க்குப் பதில் சீரகம், பெருங்காயம், கொத்தமல்லி போட்டு ருசி ஏற்றுங்கள்.

நிமிர்ந்து உட்கார்ந்து, டிவியை அணைத்து, டீஸ்பூனில் சாப்பிடுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு முறை விழுங்குங்கள். முடிந்து அரை மணி நேரம் படுக்க வேண்டாம். வாயைச் சுத்தமாக வைப்பதும் இதில் சேர்ந்ததே, நுரையீரலுக்குள் போகும் எச்சிலில் கிருமி குறைவாக இருந்தால் நிமோனியாவும் குறையும்.

தண்ணீரைக் கெட்டியாக்கச் சொன்னார்கள். எவ்வளவு கெட்டி?

தண்ணீர் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்கத்தான் கெட்டியாக்குவது. எவ்வளவு கெட்டி என்று வீட்டிலேயே அளக்கலாம். 0 முதல் 10 வரையான அளவுக்கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கும் 10 மில்லி சிரிஞ்சு வேண்டும், ஊசியும் பிஸ்டனும் வேண்டாம். கீழ் முனையை விரலால் அடைத்து, கெட்டியாக்கிய தண்ணீரை 10 வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து 10 நொடியில் மறுபடி அடையுங்கள். மிச்சம் 1 முதல் 4 மில்லி என்றால் முதல் நிலை, 4 முதல் 8 என்றால் இரண்டாம் நிலை, 8-க்கு மேல் என்றால் மூன்றாம் நிலை, சொட்டே விழவில்லை என்றால் நான்காம் நிலை. விழுங்கல் பரிசோதனை செய்தவர் எந்த நிலை என்று சொன்னாரோ அதுதான் உங்களுக்கு. அதிகக் கெட்டி அதிகப் பாதுகாப்பு என்று நினைத்தால், அது தொண்டையில் தங்கிப் பிறகு வழியும்.

மாவு காய்ச்சிக் கெட்டியாக்கினால், எச்சில் பட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்ப விடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் நீர்த்துவிடும்.

விழுங்கப் பயிற்சி உண்டா?

உண்டு, உடற்பயிற்சி போலத்தான். ஒன்று, பெரிய மாத்திரையை முழுங்குவது போல முழு பலத்தோடு எச்சிலை விழுங்குவது. இரண்டாவது, விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறுமே, அதை அங்கேயே இரண்டு, மூன்று நொடி நிறுத்திவைப்பது. விரலை வைத்துப் பார்த்தால் தெரியும். மூன்றாவது, நாக்கு நுனியைப் பல்லால் லேசாகக் கடித்துக்கொண்டு வெறும் எச்சிலை விழுங்குவது; இதைச் சாப்பாட்டோடு ஒருபோதும் செய்யக் கூடாது. ஒவ்வொன்றும் பத்து முறை, தினம் மூன்று வேளை. வாய் உலர்ந்திருந்தால் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்கச் சொல்வதை எல்லோரும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கிறார்கள். சிலருக்கு உதவும், சிலருக்கு மோசமாக்கும். வீடியோ பரிசோதனையில் பார்த்துத் தேர்ந்தெடுத்தால்தான் செய்ய வேண்டும்.

மூக்கு வழியாகவோ வயிற்றிலோ குழாய் வைத்திருந்தாலும் ஸ்பீச் தெரபிஸ்ட் அனுமதித்த அளவு தினமும் வாயால் விழுங்க வேண்டும். வாரக்கணக்கில் விழுங்காத தொண்டை, விழுங்க மறந்து இறுகிவிடும். கெட்டி உணவு கீழ்க்கழுத்தில் நின்றுவிடுகிறது, தண்ணீர் மட்டும் இறங்குகிறது என்றால் உணவுக்குழாய் சுருங்கியிருக்கலாம். அதை எண்டோஸ்கோப்பியில் விரிப்பார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட முறை தேவைப்படும்.

எட்டு வருடம் நன்றாகச் சாப்பிட்டவருக்கு இப்போது ஏன் பேச்சு குழறுகிறது?

தழும்பு நரம்பையும் இறுக்கும். நாக்கை நீட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தாலோ, சுருங்கிக் குழி விழுந்து துடித்தாலோ நாக்கின் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். ஐந்து வருடத்துக்குப் பிறகு தொடங்கும் இந்த வகை மெல்ல மெல்லக் கூடும். பக்கவாதமோ நோய் திரும்பியதோ அல்ல என்று ஸ்கேனில் உறுதி செய்த பிறகே இந்த முடிவுக்கு வருவார்கள்.

காலையில் தாடைக்குக் கீழே பை போல வீங்குகிறது, மத்தியானம் வடிந்துவிடுகிறது.

நிணநீர் வீக்கம். தலைப்பக்கம் உயர்த்திப் படுங்கள். மசாஜ் என்றால் அழுத்திப் பிசைவது இல்லை, தோலை மட்டும் லேசாக இழுத்து விடுவது. வரிசை முக்கியம்: முதலில் ஆழ்ந்த மூச்சு, பிறகு அக்குள், பிறகு காறை எலும்புக்கு மேல், கடைசியில்தான் கழுத்தும் முகமும். கீழே வழியைத் திறக்காமல் மேலிருந்து தள்ளினால் பயன் இல்லை. ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். தோல் சிவந்து சூடாக இருந்தால் செய்யக் கூடாது. மரத்துப்போன கழுத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சுட்டது தெரியாது. கழுத்தை நான்கு பக்கமும் திருப்பி நீட்டும் பயிற்சி தினமும் வேண்டும்.

எப்போதும் அசதி, குளிர், மலச்சிக்கல். புற்றுநோய் உடம்பு இப்படித்தானா?

முதலில் தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கதிர் பட்ட தைராய்டு மெதுவாக ஓய்ந்துபோவது சகஜம். அறிகுறி இல்லாவிட்டாலும் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும். மாத்திரை எழுதினால் காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும். காபி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி.

ருசி, குரல், காது?

ருசி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் ஓரளவு திரும்பும், முழுதாகத் திரும்பாதவர்களும் உண்டு. குரல் கரகரத்தால் கிசுகிசுவென்று பேசுவதை நிறுத்துங்கள், சாதாரணமாக மெல்லப் பேசுவதைவிட அது குரல்நாணுக்கு அதிகச் சிரமம். சிஸ்பிளாட்டின் போட்டவர்களுக்கு உயர்ந்த சுருதி ஒலிகள் முதலில் போகும். கொசுவின் ரீங்காரமும் பேத்தியின் பேச்சும் சரியாகக் கேட்காது. அந்த இழப்பு திரும்பாது, செவித்திறன் பரிசோதனை செய்து கருவி வைத்துக்கொள்ளலாம்.

எதற்கெல்லாம் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது?

மூச்சு இழுக்கும்போது கீச்சென்ற சத்தம், வாயிலிருந்து புது ரத்தம், முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல்: இவற்றுக்கு உடனே 108. கழுத்தின் பெரிய ரத்தக் குழாய் கதிரால் சுருங்குவதால் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட அதிகம். பிபி, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைத்து, கழுத்து ரத்தக் குழாயைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எப்போது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரே பக்கம் காது வலி, புதுக் கட்டி, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், எடை இறக்கம் என்றால் அந்த வாரமே போங்கள். காதில் ஒன்றும் இல்லாமல் காது வலிப்பது தொண்டையிலிருந்து வரும் வலியாக இருக்கலாம். சிகரெட், ஹான்ஸ், வெற்றிலையோடு புகையிலை, மது எதைத் தொடர்ந்தாலும் இரண்டாவதாகப் புதுப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும்.

எந்தக் காகிதங்களைப் பத்திரமாக வைக்க வேண்டும்?

கதிர்வீச்சுச் சுருக்கம்: மொத்தம் எத்தனை கிரே, எத்தனை நாள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த மெஷின், கழுத்தின் இரண்டு பக்கமுமா ஒரு பக்கமா. டிஸ்சார்ஜ் தாளில் இது இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள், ஆஸ்பத்திரிகள் பழைய பைல்களை என்றென்றும் வைத்திருக்காது. போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனிலும் போட்டு வையுங்கள். பல் டாக்டர், மயக்க மருந்து டாக்டர் யாரைப் பார்க்கப் போனாலும் நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதைக் காட்டுங்கள். மயக்க மருந்து டாக்டரிடம் வாய் எத்தனை விரல் திறக்கும், கழுத்து எவ்வளவு மடங்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள், மூச்சுக்குழாய் வைப்பதை அவர் அதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.